‘இருக்கலாம்’ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அறிவியல் ஆவணத் தொடர்களைத் தமிழில் ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிரபஞ்சம் எங்கே தொடங்கியது, காலம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டா, செத்த பிறகு எதுவும் மிஞ்சுமா, இந்த அண்டத்தில் நாம் தனிதானா என்றெல்லாம் கேட்கிற வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி, தமிழில் குரல் கொடுத்து, ராத்திரி ஒரு தடவையும் மறுநாள் மத்தியானம் ஒரு தடவையும் போடுகிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. கிண்டலாகச் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாத ஒரு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கருந்துளையைப் பற்றிப் பேச்சு வருகிறதென்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். எங்கள் வீட்டில் வந்தது.

ஆனால் ஒரு முறையீடும் இருக்கிறது. அதை வெளியே நின்றுகொண்டு சொல்லவில்லை. ஏழு வருடம் இந்த வேலைக்குள் இருந்தவன் நான். ஆங்கில ஸ்கிரிப்டை வாங்கித் தமிழில் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. எந்தச் சேனல், எந்த ஸ்டூடியோ என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொல்லப்போகிற தப்பில் பெரிய பங்கு என்னுடையது.

வியாழனின் நிலாக்களில் ஒன்று யூரோப்பா. மேலே பனிக்கட்டி ஓடு. அதற்கு அடியில் உப்புக்கடல் இருப்பதற்குப் பலமான தடயங்கள் உண்டு. அதைப் பற்றிய ஒரு பகுதி என் கைக்கு வந்தது. ஒரு பெண் விஞ்ஞானி காமிராவைப் பார்த்து ஒரு வரி சொல்கிறார். நேரக் குறிப்பின்படி நாலே நொடி. நான் எழுதியிருந்தது இது: ‘அந்தக் கடலில் உயிர் இருக்கக்கூடும் என்று நினைக்க இடமிருக்கிறது.’ டப்பிங் பேசிய அம்மா நன்றாகத்தான் பேசினார். ஆனால் அவர் ‘நினைக்க’வில் இருக்கும்போதே திரையில் ஆள் போய்ப் பனிப்பாளம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்சார்ஜ் மைக்கில், “சார், ஒன்றரை செகண்ட் வெளியே ஓடுது. வாலைக் கொஞ்சம் வெட்டிக் கொடுங்க” என்றார். பேனாவை எடுத்தேன், வெட்டினேன். ‘அந்தக் கடலில் உயிர் இருக்கிறது.’ ஒரே டேக்கில் ஓகே. வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வந்தன. சாப்பிட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போனோம்.

அந்தக் கடலைப் பார்த்துவர நாசா ‘யூரோப்பா கிளிப்பர்’ என்ற விண்கலத்தை 2024 அக்டோபர் 14 அன்று அனுப்பியிருக்கிறது. சுமார் 500 கோடி டாலர் செலவு. 2030 ஏப்ரலில்தான் வியாழனிடம் போய்ச் சேரும். அப்புறம் யூரோப்பாவை ஏறக்குறைய ஐம்பது முறை நெருங்கிப் பறக்கும். இவ்வளவும் எதற்கு? உயிரைக் கண்டுபிடிக்கக்கூட இல்லை. உயிர் வாழத் தோதான சூழல் அங்கே உண்டா என்று பார்த்துவரத்தான். நான் ஒரு பஜ்ஜி நேரத்தில் உயிரையே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது ஊரில் அப்பாவோடு இருந்தேன். ‘பையன் எழுதினது’ என்று கடைசிவரை கண்ணிமைக்காமல் பார்த்தார். மறுநாள் காலை டீக்கடையில், பெஞ்சில் இருந்த சிநேகிதரிடம் சொன்னார்: “வியாழனோட நிலாவுல, பனிக்கட்டிக்கு அடியில, உயிர் இருக்காம்ல.”

“யார் பாத்தா?”

“டிவியில சொன்னான். பாத்தானா இல்லையான்னு தெரியல.”

டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் ‘இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்ததை அப்பா ‘இருக்காம்’ என்று மாற்றியிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. தான் கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லும்போது வினையின் வாலில் ஓர் ‘ஆம்’ ஒட்டிக்கொள்வது அவருடைய தமிழ். பக்கத்துத் தெருவில் கல்யாணமாம், அவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், யூரோப்பாவில் உயிர் இருக்காம். எல்லாமே ஒரே தராசில். நான் ஸ்டூடியோவில் வெட்டிப் போட்ட சந்தேகத்தை அவர் டீக்கடையில் எடுத்து ஒட்டிவிட்டார்.

இது ஏதோ கிராமத்துப் பேச்சு வழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவை எடுத்துப் பாருங்கள். தமிழில் எழுத்துகள் எத்தனை என்று சொல்ல வருகிறார். அகரம் முதல் னகரம் வரை முப்பது. எண்ணிப் பார்த்தாலே தெரிகிற கணக்கு, இதில் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? ஆனாலும் நூற்பாவில் ‘முப்பஃது என்ப’ என்றுதான் வருகிறது. முப்பது என்று சொல்கிறார்கள். நூல் நெடுக ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று வந்துகொண்டே இருக்கும். யார் சொன்னது, நான் சொல்கிறேனா, எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்களா என்று பிரித்துக் காட்டிவிட்டுத்தான் மனிதர் அடுத்த வரிக்குப் போகிறார். அந்த மொழியில் எழுதிப் பிழைத்தவன் நான். ‘பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவது’ என்பது நேரத்துக்குள் அடங்கவில்லை என்று தூக்கிப் போட்டவன்.

நேரம்தான் காரணம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘மே’, ‘மைட்’, ‘குட்’ எல்லாம் வாக்கியத்தின் நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கும். வெட்டினால் வாக்கியமே விழுந்துவிடும். தமிழில் சந்தேகம் வாலில் இருக்கிறது. கத்தரி முதலில் படுவதும் வாலில்தான். உங்கள் ஸ்டூடியோக்களில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: கூடும், லாம், போலும், எனத் தோன்றுகிறது, என்பது ஒரு கணிப்பு, எல்லாம் தரையில் கிடக்கும்.

ஒருநாள் சும்மா இருக்கும்போது மாத்திரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘இருக்கிறது’: இ ஒன்று, ரு ஒன்று, க் அரை, கி ஒன்று, ற ஒன்று, கடைசி து குற்றியலுகரம் என்பதால் அரை. ஆக ஐந்து. ‘இருக்கலாம்’: இ ஒன்று, ரு ஒன்று, க் அரை, க ஒன்று, லா நெடில் ஆகவே இரண்டு, ம் அரை. ஆக ஆறு. வித்தியாசம் ஒரே ஒரு மாத்திரை. மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம். அன்றைக்கு நான் அந்த வாலை வெட்டிவிட்டு ‘உயிர் இருக்கலாம்’ என்று எழுதியிருந்தால் நாலு நொடிக்குள் தாராளமாக அடங்கியிருக்கும். அடங்காது என்பதால் ‘இருக்கிறது’ போடவில்லை. ‘இருக்கிறது’ கெத்தாக இருந்தது, அதனால் போட்டேன். இன்சார்ஜுக்கும் பிடித்தது. ப்ரோமோ வெட்டுகிற தம்பிக்கு ரொம்பப் பிடித்தது, அந்த வரியைத்தான் எடுத்துப் போட்டான்.

ப்ரோமோ என்றதும் தலைப்பு ஞாபகம் வருகிறது. மார்கன் ஃப்ரீமன் தொகுத்து வழங்கிய ‘த்ரூ தி வார்ம்ஹோல்’ தொடர் 2010-இல் அமெரிக்காவில் தொடங்கி எட்டு சீசன் ஓடியது. முதல் பகுதியின் தலைப்பே, படைத்தவன் ஒருவன் உண்டா என்ற கேள்வி. தொடக்கத்துக்கு முன் என்ன நடந்தது? காலப் பயணம் சாத்தியமா? நாம் தனியாக இருக்கிறோமா? பிரபஞ்சத்துக்கு விளிம்பு உண்டா? காலம் உண்மையில் இருக்கிறதா? பகுதிக்குப் பகுதி கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிதான் சரக்கு. இந்த மாதிரித் தொடர்கள் தமிழுக்கு வரும்போது கேள்விக்குறியின் வளைவை நிமிர்த்தி ஆச்சரியக்குறி ஆக்கிவிடுகிறோம். ரகசியம் உடைந்தது! மர்மம் விலகியது! விஞ்ஞானிகள் அதிர்ச்சி! உண்மையில் எந்த விஞ்ஞானியும் அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டார். அதிகம் போனால் புருவத்தைத் தூக்கியிருப்பார்.

நன்னூல் வினாக்களை ஆறாகப் பிரிக்கிறது, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறிவு வினா, வாத்தியார் மாணவனிடம் கேட்பது. தெரியாமல் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. நல்ல அறிவியல் தொடர் ஐய வினாவில் தொடங்கி, ஒரு மணி நேரம் அலைந்து, இன்னும் கூர்மையான ஐய வினாவில் முடியும். நம் தமிழ்க் குரலில் அது அறிவு வினாவாகிவிடுகிறது. ‘காலம் என்றால் என்ன தெரியுமா?’ என்று வாத்தியார் தொனியில் கேட்டுவிட்டு, இதோ சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

குரல் என்றால் இன்னொன்று. இதில் என் பங்கு இல்லை, உங்கள் பட்ஜெட்டின் பங்கு. காலம் ஓடுகிறது என்பதே நம் மனம் செய்கிற பிரமை என்று ஓர் இயற்பியலாளர் சொல்கிறார். இல்லவே இல்லை, காலம் ஓடுவது நிஜம் என்று இன்னொருவர் மறுக்கிறார். முதலாமவர் வழுக்கைத் தலை, அடுத்தவர் தாடி. இருவருக்கும் பேசியது ஒரே டப்பிங் கலைஞர். தாடிக்காரருக்காகத் தொண்டையைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டார், பாவம், அன்றைக்கு அவர் மொத்தம் ஐந்து விஞ்ஞானிகளுக்குப் பேசினார். சமையலறையில் இருந்து காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “என்ன இந்த ஆள், அப்ப ஒண்ணு சொன்னார், இப்ப மாத்திச் சொல்றார்?” என்றாள். அந்தப் பகுதி முழுக்க ஒரு வாக்குவாதம். தமிழில் அது ஒரே மனிதரின் உளறலாகிவிட்டது. விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்கிற விஷயமே நேயருக்குப் போய்ச் சேரவில்லை.

சேரவேண்டிய விஷயம் அதுதான். 1998-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோக்கும் தத்துவவாதி டேவிட் சாமர்ஸும் ஒரு பந்தயம் கட்டினார்கள். மூளையில் பிரக்ஞை எப்படிப் பிறக்கிறது என்பதற்கான நரம்பியல் காரணம் இருபத்தைந்து வருடத்துக்குள் தெளிவாகிவிடும் என்றார் கோக். ஆகாது என்றார் சாமர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க்கில், ஒரு மாநாட்டு மேடையில் எல்லோர் முன்னாலும் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு அருமையான காட்சி! உலகப் புகழ்பெற்ற ஒருவர் சிரித்துக்கொண்டே ‘நான் நினைத்தது நடக்கவில்லை’ என்கிறார். இதைத் தமிழில் எப்படிப் போடுவோம்? ‘மனித மனத்தின் ரகசியம் வெளியானது’ என்றா? (பிரக்ஞை என்ற சொல்லுக்கே நாம் படுகிற பாடு தனிக்கதை. நனவு, உணர்வு, சுயநினைவு, தன்னுணர்வு என்று ஆளுக்கொன்று. நான் திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு ஸ்கிரிப்டில் ‘இயந்திரங்களுக்கு மனசாட்சி வருமா?’ என்று இருந்தது. தப்பான மொழிபெயர்ப்பு, ஆனால் கேள்வி மோசமில்லை.)

இப்படி ஒவ்வொரு அறிஞராகத் தேடிப்போய்க் கேட்பதையே ஒரு தொடராகச் செய்துவருகிறவர் அமெரிக்கரான ராபர்ட் லாரன்ஸ் குன். மூளையியலில் முனைவர் பட்டம் வாங்கி, முதலீட்டு வங்கித் தொழிலுக்குப் போய், 2000-இலிருந்து ‘க்ளோசர் டு ட்ரூத்’ என்ற நிகழ்ச்சியை நடத்துகிறார். பெயரே ‘உண்மைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில்’ என்றுதான். வந்து சேர்ந்துவிட்டோம் என்று இல்லை. அண்டம், பிரக்ஞை, கடவுள் பற்றி ஒருவரிடம் கேட்பார், பதிலில் மனம் ஒப்பாது, அடுத்தவரிடம் போவார். இயற்பியலாளர், இறையியலாளர், நாத்திகர், ஆத்திகர் எல்லோரும் எதிரில் உட்கார்வார்கள். கிராபிக்ஸ் வெடிப்பெல்லாம் கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு கேள்வி. 2024-இல் அவர் பிரக்ஞை பற்றிய கோட்பாடுகளை மட்டும் தொகுத்து ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். இருநூறுக்கு மேல் வந்தது பட்டியல். இருநூறு பதில் இருக்கிறதென்றால் பதில் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதை ஒளிக்காமல் எடுத்து வைக்கிறார்.

‘நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஓடாது சார், அவங்களுக்கு முடிவு வேணும்’ என்று உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன். இப்போது தோன்றுகிறது, ‘நம் ஆட்கள்’ இதைவிடக் கடினமானதை வைத்திருந்தவர்கள். மணிமேகலையில் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’ என்று ஒன்று உண்டு. மணிமேகலை வஞ்சி நகருக்குப் போகிறாள். பெண்ணாகப் போனால் சரியாகப் பேசமாட்டார்கள் என்று ஒரு மாதவனின், அதாவது ஒரு தவசியின், வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று ஒருவர் மாற்றி ஒருவராகப் பத்துப் பேரிடம் உங்கள் கொள்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறாள். இதில் பூதவாதி சொல்வதைக் கேளுங்கள்: தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் சேர்த்துப் போட்டால் மதுவின் வெறி பிறக்கிறது இல்லையா, அதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போய்விடும். கண்ணால் காண்பதே சான்று, அனுமானம் எல்லாம் வேண்டாம். மணிமேகலை சிரித்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தாம் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

அடுத்த பகுதிக்குக் கொக்கி போட இதைவிட நல்ல இடம் எந்த எடிட்டருக்கும் கிடைக்காது. பூவும் வெல்லமும் சேர்ந்தால் போதை என்பதற்குப் பதில் நரம்பணுக்கள் சேர்ந்தால் பிரக்ஞை என்று போட்டுப் பாருங்கள், இன்றைய ஆய்வுக்கூடத்தில் நடக்கிற சண்டை அப்படியே வரும். மணிமேகலையை எழுதிய சாத்தனார் சாய்வு இல்லாதவர் என்று சொல்லமாட்டேன், பௌத்தம்தான் ஜெயிக்கவேண்டும் என்று முன்பே முடிவு கட்டியவர். ஆனாலும் எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குரல் கொடுத்திருக்கிறார். ஒரே ஆளை வைத்துப் பேசவைக்கவில்லை.

வெட்டுவதால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு சான்று இருக்கிறது. கார்ல் சேகனின் ‘காஸ்மோஸ்’ 1980-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த பதின்மூன்று பகுதித் தொடர். பத்தாவது பகுதியில் சேகன் தமிழ்நாட்டுக்கு வருகிறார். ஒரு கிராமத்துப் பொங்கல், கோலம், அலங்கரித்த மாடுகள், அப்புறம் நடராசர் செப்புத் திருமேனி. பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி ஆண்டு என்ற கணக்கைச் சொல்லி வியக்கிறார். இந்து மதத்தின் கால அளவுகள் நவீன அண்டவியலின் கால அளவுகளோடு ஒத்துப்போகின்றன என்கிறார். அந்த வாக்கியத்தின் நடுவில் மூன்று நான்கு சொல் உண்டு. ‘சந்தேகமில்லாமல் தற்செயலாக’ ஒத்துப்போகின்றன என்பதுதான் அவர் சொன்னது. வாட்ஸ்அப்பில் இந்த மேற்கோள் உங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கும்? எனக்கு வந்ததில் பெரும்பாலும் அந்த ‘தற்செயலாக’ இல்லை. அதை எடுத்துவிட்டால் சேகன் நம் பெருமைக்குச் சான்றிதழ் கொடுத்தவர் ஆகிறார். அது இருந்தால், அழகை அழகாகவும் தற்செயலைத் தற்செயலாகவும் பார்த்த ஒரு மனிதர். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடித்திருக்கிறது. அவர் நம் பொங்கலைப் பார்த்ததில் உண்மையான மரியாதை இருந்தது, அதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

பிபிசி 1973-இல் ஒளிபரப்பிய ‘தி அசென்ட் ஆஃப் மேன்’ தொடரில் ஜேக்கப் பிரனாவ்ஸ்கி நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போவார். கொல்லப்பட்டவர்களின் சாம்பலைக் கொட்டிய குளம் ஒன்று அங்கே உண்டு. அவருடைய குடும்பத்தார் பலர் அங்கே மடிந்தவர்கள். சூட்டோடும் ஷூவோடும் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். அறிவியல் மனிதர்களை எண்களாக்கிவிடும் என்கிறார்களே, மனிதர்கள் எண்களானது இங்கேதான், அதைச் செய்தது விஷவாயு இல்லை, தனக்கு எல்லாம் தெரியும் என்கிற ஆணவம் என்கிற மாதிரிப் பேசி, நீங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள் என்று பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தலைவர் குரோம்வெல் கெஞ்சிய ஒரு வரியைச் சொல்லி, குனிந்து சேற்றைக் கையில் அள்ளுவார். இந்தக் காட்சி எப்போதாவது உங்கள் டப்பிங் மேசைக்கு வந்தால் தயவுசெய்து பின்னணி இசை போடாதீர்கள். தண்ணீர்ச் சத்தம் போதும்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு இன்னும் இரண்டு நாள் கொடுங்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்கட்டும். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. பில்லியனைக் கோடி என்று நினைத்து 13.8 கோடி என்று பேசவைத்தால் டைனோசரே பிரபஞ்சத்துக்கு அண்ணனாகிவிடும். எதிரெதிராகப் பேசுகிற இருவருக்கு இரண்டு குரல் வையுங்கள், ஒரு கலைஞரின் சம்பளம்தான் கூடும். தலைப்பில் கேள்விக்குறி இருந்தால் இருக்கட்டும். வாக்கியம் நீளுகிறதா, வாலை வெட்டாதீர்கள், தலையில் ‘ஒருவேளை’ என்று போடச் சொல்லுங்கள், மிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ‘உயிர் இருக்குமோ?’ என்று ஓர் ஓகாரம் போட்டால்கூட வேலை முடிந்துவிடும். நம் மொழியில் சந்தேகத்துக்கு ஒரே எழுத்து போதும்.

விஞ்ஞானமே இன்று அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிகிறது என்று 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன, 2011-இல் நோபல் பரிசும் வந்தது. அதற்குக் காரணமான கரும் ஆற்றல் மாறாத ஒன்று என்றுதான் பாடப்புத்தகம் நினைத்தது. 2024, 2025-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் விண்மீன் மண்டலங்களை அளக்கிற டெசி கருவி கொடுத்த தரவுகள், அது காலப்போக்கில் மெலிகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பியிருக்கின்றன. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான ஐந்து சிக்மா என்ற உறுதி அளவை அந்த முடிவு எட்டவில்லை, அந்தக் குழுவினரே அதைச் சொல்கிறார்கள். நாளைக்கு இதைப் பற்றி ஒரு பகுதி வரும். அதில் அந்த ‘மெலிகிறதோ’ என்பதன் ஓகாரத்தை யாராவது காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு ஆசையும் உண்டு. வாங்கிப் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு தொடரையாவது தமிழிலேயே நினைத்துத் தமிழிலேயே எடுங்கள். தூர்தர்ஷனில் தொண்ணூறுகளில் வந்த ‘டர்னிங் பாயின்ட்’ நிகழ்ச்சியில் நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இயற்பியலாளர் யஷ் பால் உட்கார்ந்து பதில் சொல்வார். அந்த மாதிரி அறியா வினாக்களுக்கு இங்கே இடமே இல்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் வரவிருந்தபோது எத்தனை இரவு விவாதங்கள் பார்த்தேன். நாலு பேர், நாலு பெட்டி, ஒரே கூச்சல். கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கும் மேல் சூரிய நியூட்ரினோக்கள் துளைத்துப் போகின்றன, இப்போதும் போய்க்கொண்டிருக்கின்றன என்று ஒரு மணி நேரம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். மலைக்கு என்ன ஆகும், தண்ணீருக்கு என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டதை அதே நிதானத்தோடு கேட்டிருக்கலாம். திட்டம் வேண்டும் என்றவர்களுக்கும் வேண்டாம் என்றவர்களுக்கும் அது உபயோகமாக இருந்திருக்கும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது கொடைக்கானலில். ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. வானியற்பியலாளர் சந்திரசேகர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். பத்தொன்பது வயதில் கப்பலேறி இங்கிலாந்து போகும் வழியில், எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று அவர் போட்ட கணக்கை 1935-இல் லண்டனில் ஆங்கில வானியலாளர் எடிங்டன் சபையறியக் கேலி செய்தார். 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது. இதை எடுப்பதானால் எடிங்டனை வில்லனாக்காமல் எடுங்கள். அவர் சாதாரண ஆள் இல்லை, ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு 1919 கிரகணத்தில் சான்று தேடித் தந்தவர். அவ்வளவு பெரிய மனிதர் எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தப்பாக இருந்தார் என்பதுதானே கதை. அவருக்கும் ஒரு நல்ல குரல் கொடுங்கள்.

கடைசியாக என் சொந்த விஷயம். அந்த யூரோப்பா பகுதி இன்னும் அவ்வப்போது மத்தியானங்களில் மறு ஒளிபரப்பாகிறது. போன மாதம்கூடப் பார்த்தேன். அப்பா இப்போது இல்லை, திருத்திச் சொல்ல வீட்டில் ஆளில்லை. உங்களில் யாரிடம் அந்த டேப் இருக்கிறதோ அவருக்குத் தெரியும், பத்தொன்பதாவது நிமிடம், பெண் விஞ்ஞானி, நீலச் சட்டை. கிளிப்பர் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு வரியை மறுபடி பேசிப் பதிவு செய்துவிடலாம். வரி எழுதி வைத்திருக்கிறேன்: ‘அந்தக் கடலில் உயிர் இருக்கலாம்.’ ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துவிட்டேன், நாலு நொடிக்குள் வருகிறது. எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். பஜ்ஜி சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஸ்கிரிப்ட் எழுத்தாளன்